எதிர் வீட்டுத் துட்டி

கோட்டு போட்டாயிற்று, பூட்ஸ் போட்டாயிற்று, கழுத்துக்குத் துணி சுற்றியாயிற்று, காதை மூடிக் குல்லாயையும் இழுத்துவிட்டாயிற்று. வேலைக்குப் போகிற இத்தனை வேஷமும் கட்டிக்கொண்டு செண்பகவல்லி வெளியே போகாமல் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள், கதவில் பதித்திருந்த சின்ன லென்ஸில் வலது கண்ணை வைத்துக்கொண்டு. உள்ளே ஹீட்டர், மேலே கோட்டு, முதுகில் வேர்வை கோடு போட்டு இறங்கியது. பின்லாந்துக்கு வந்து ஒருத்திக்கு வேர்க்கிறதென்றால் அது இப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றால்தான். லென்ஸில் நடை வளைந்து தெரிந்தது, லிப்ட் தெரிந்தது, எதிர் வீட்டுக்காரி ரித்வாவின் கதவு வயிறு பெருத்துத் தெரிந்தது. இந்தத் தம்பெரே ஊரில் கிளம்புகிற எவரும் முதலில் இப்படித்தான் பார்ப்பார்கள். நடையில் ஆள் இருந்தால் அந்த ஆள் போகிறவரை உள்ளேயே மூச்சடக்கி நிற்பார்கள், போன பிறகுதான் கதவு திறக்கும், அது மரியாதையாம். வந்த புதிதில் செண்பகவல்லி அதை நம்பவில்லை, தன் நிறத்தைப் பார்த்துத்தான் கதவு மூடுகிறது என்று ராத்திரி சோற்றில் கை வைக்காமல் அழுதாள். அவள் புருஷன் கோமதிநாயகம், அவளுக்கு இரண்டு வருஷம் முந்தி இங்கே வந்தவன், "ஏட்டி, நம்மளக் கண்டு மட்டும் ஒளியல. இங்க எல்லாரும் எல்லாரையும் கண்டுதான் ஒளிஞ்சிக்கிடுதாங்க" என்று சமாதானம் சொன்னான். அது மெய்தான் என்று பிறகு அவளே பார்த்தாள், பார்த்துப் பார்த்துத் தானும் ஒளியக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் காரியம் தலைகீழ். ரித்வா வெளியே வரவேண்டும், வந்ததும் கதவைத் திறக்கவேண்டும், துட்டி கேட்கவேண்டும். செத்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதற்குக் கோவில்பட்டிப் பக்கம் அதுதான் பெயர். ரித்வாவின் புருஷன் பென்டி போய் ஒரு வாரத்துக்கு மேலாகிறது. நாளைக் காலையில் ரித்வா வடக்கே தங்கை ஊருக்குப் போகிறாள், கோடை வந்த பிறகுதான் திரும்புவாள், திரும்பாமலும் போகலாம். இன்றைக்கு விட்டால் விட்டதுதான். எதிர் வீட்டுச் சாவுக்குத் துட்டி கேட்காதவள் என்ற பெயரோடு பச்சைத் தண்ணீர் குடித்தாலும் தொண்டையில் இறங்குமா.

மணியை அடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்றால், சொல்லாமல் கொள்ளாமல் மணி அடிப்பது இங்கே வீடு பற்றி எரிந்தால் மட்டும். முந்தாநாள் போய் நின்றாள், விரல் மணிக்குப் பக்கத்தில் போயிற்று, உள்ளே ரேடியோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது, விரல் தானாகத் திரும்பி வந்துவிட்டது. போய்த்தான் என்ன சொல்ல. சாவு விழுந்த முதல் நாளே வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டவள் அல்லவா. கட்டடத்துக்கு முன்னால் வெள்ளைக் கம்பம் ஒன்று உண்டு, நல்ல நாள் பெரிய நாளில் கொடி ஏற்றுவார்கள். அன்று காலை அது பாதிக் கம்பத்தில் தொங்கியது. யாரோ தலைவர் செத்துப்போனார் போலிருக்கிறது என்று செண்பகவல்லி போனில் செய்தியைத் தேடினாள், ஒருவரும் சாகவில்லை, சரி, கயிறு சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டாள். லிப்டில் ரித்வா நின்றாள். வெளியே மார்ச் மாதத்து வெயில், பனி மேல் பட்டுக் கண் கூசியது. மொழி வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்று வெகுநாளாக நாக்கு நுனியில் காத்திருந்தது. பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்து, "இன்றைக்கு எவ்வளவு அழகான நாள், இல்லையா!" என்று சுத்தமான பின்னிஷில் சொன்னாள். ஒரு பிழை இல்லை. ரித்வா அவளைப் பார்த்தாள். ஒரு மாடி இறங்குகிற நேரம் பார்த்துவிட்டு, "ஆம். வெயில் இருக்கிறது" என்றாள். கட்டடத்தில் ஓர் ஆள் செத்தால் அந்தக் கட்டடத்துக் கொடி பாதியில் நிற்கும் என்று சாயங்காலம் கோமதிநாயகம் சொல்லித்தான் தெரியும். கோவில்பட்டியிலானால் சங்கு ஊதியிருப்பார்கள், வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள், தெருவே பிளாஸ்டிக் நாற்காலியாக இருந்திருக்கும், பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். இங்கே ஒரு துணியைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். புருஷன் ராத்திரி செத்திருக்கிறான், காலையில் எதிர் வீட்டுக்காரி வந்து பல்லைக் காட்டி அழகான நாள் என்கிறாள். நினைக்க நினைக்கக் குல்லாய்க்குள் காது சுட்டது.

ரித்வாவிடம் அவள் உளறியது அது முதல் தடவை அல்ல. வந்த வருஷம் படியில் எதிர்ப்பட்டபோது, "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்டாள். அது கேள்வியா. கோவில்பட்டியில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் கேட்பார்கள், என்ன கடைக்கா, என்ன பஸ் ஸ்டாண்டுக்கா, என்ன தண்ணி வந்துருச்சா, சாப்பிட்டாச்சா. 'ஆமா' என்றோ 'இந்தா இப்படித்தான்' என்றோ கையை ஒரு வீசு வீசிவிட்டுப் போனால் தீர்ந்தது. நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன், அவ்வளவுதானே விஷயம். ரித்வா படியில் நின்றுவிட்டாள். பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "பல் மருத்துவரிடம் போகிறேன். கீழ் வரிசையில் இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். பத்து நாளாக வலி" என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். செண்பகவல்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அடுத்த வாரம் லிப்ட் கதவு மூடுகிற நேரத்தில் ரித்வா தானாகவே, "பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்" என்றாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் இந்த ஊர் வணக்கமான மோய், மோய். பார்த்தாலும் மோய், பிரிந்தாலும் மோய். பென்டிக்கு அதுவும் கிடையாது, தொப்பி விளிம்பை ஒரு விரலால் தொடுவார், அதோடு சரி. அந்தப் பல் கதை எத்தனை பெரிய கொடை என்று செண்பகவல்லிக்கு அப்போது தெரியாது. எது கொடை எது திட்டு என்று ஒன்றும் தெரியாத காலம் அது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டதற்கே ஒரு நோட்டீஸ் வந்தது, நடையில் எந்தப் பொருளும் இருக்கக்கூடாது என்று. அன்றிலிருந்து நடையில் எதைக் கண்டாலும் அவளுக்குப் பதற்றம். யாரோ விட்ட கையுறை, யாரோ கதவுப் பிடியில் மறந்து மாட்டிவிட்டுப் போன பை, எதுவானாலும் பழி தன் தலையில் விழுமுன் கொண்டுபோய்க் கீழ்ப்படி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

"என்ன, இன்னும் போகலியா?" என்று சமையலறையிலிருந்து கோமதிநாயகம் குரல் வந்தது. "போறேங்க." "அந்தம்மா வரட்டும்னு நிக்கியா?" அவள் லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போனமா, ஒரு கை குலுக்கினமா, வந்தமான்னு முடி. கட்டிப் பிடிச்சிறாத. பயந்துருவாங்க." கட்டிப் பிடிக்கத்தான் போகிறாள், ஆசையைப் பார். இந்த ஊரில் ஒருவருக்கும் ஒருவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடம் எப்போதும் வேண்டும். வந்த புதிதில் பஸ் நிறுத்தத்தில் நம்மூர் வழக்கம்போல ஒரு மனிதருக்குப் பின்னால் நெருங்கி நின்றாள். அவர் ஓரடி முன்னால் போனார், இவளும் போனாள், அவர் இன்னும் ஓரடி, இவளும், கடைசியில் அந்த மனிதர் கூரையை விட்டுக் கொட்டுகிற பனிக்குள் போய் நின்றார். இவள் உலர்ந்த இடத்தில் நின்று, பாவம் இவருக்குப் பனி பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தாள். கோவில்பட்டி பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே கைக்குட்டை போவதென்ன, குடம் போவதென்ன, பிள்ளையே போவதென்ன. முகம் தெரியாத இவள் மடியில் தன் குழந்தையைத் தொப்பென்று வைத்துவிட்டு, "கொஞ்சம் வச்சுக்கிடும்மா, சாத்தூர் வந்ததும் வாங்கிக்கிடுதேன்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். அந்தப் பிள்ளை சாத்தூர் வரைக்கும் செண்பகவல்லியின் வளையலைச் சப்பிக்கொண்டே வந்தது, அதன் எச்சில் கையில் காய்ந்து இறுக்கியது, அப்போது அருவருப்பாகத்தான் இருந்தது. இப்போது யாராவது வளையலைச் சப்பமாட்டார்களா என்றிருக்கிறது. அத்தைமார் வந்தால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்னட்டி இப்படி எளச்சுட்ட" என்பார்கள். கல்யாண வீட்டில் ஒரே ஜமுக்காளத்தில் பதினாறு பெண்கள் படுத்து, ஒருத்தி திரும்பினால் எல்லோரும் திரும்பவேண்டியிருக்கும். பூ வைக்கிறேன் பேர்வழி என்று யார் யாரோ பின்னந்தலையைத் தொடுவார்கள். உடம்பு என்பது தனக்கு மட்டும் என்று அங்கே ஒருவர்கூடச் சொல்லித்தரவில்லை. இங்கே வந்த முதல் ஆறு மாதத்தில் புருஷனைத் தவிர அவளைத் தொட்ட ஒரே ஆள் ரத்தம் எடுத்த நர்ஸ். முழங்கையை உள்ளங்கையில் தாங்கி, நரம்பைத் தேடி அமுக்கினாள். ஊசி குத்தவே இல்லை, அதற்குள் இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வலிக்கிறதா என்று அந்தப் பெண் பதறினாள். வலிக்கிறது என்று சொல்லித்தான் சமாளித்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரேன் என்று எந்த மொழியில் கேட்பது.

அம்மா செத்தபோது, அதற்கு இப்போது மூன்று வருஷமாகிறது, கோவில்பட்டி வாசலில் ஆட்டோ நின்றதும் இறங்கக்கூட விடவில்லை. முதலில் பாய்ந்து வந்து பிடித்தவள் சொர்ணத்தம்மாள். குழாயடிச் சண்டையில் அம்மாவோடு எட்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாதவள், அம்மா கோலம் போட்டால் அந்தப் பக்கம் பார்க்காமல் போகிறவள். அவள்தான் ஆட்டோவுக்குள்ளேயே பாதி உடம்பை நுழைத்து இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாளேடி, ஒங்கம்மா பேசாமப் போயிட்டாளேடி" என்று அழுதாள். வெற்றிலையும் சந்தனப் பவுடரும் வேர்வையுமாக அந்தத் தோளில் மூச்சு முட்டியது. பத்துப் பதினைந்து கைகள் இவளை வாங்கி வாங்கி நடுவில் உட்கார்த்திக்கொண்டன, யார் கண்ணீர் யார் சேலையில் என்று தெரியவில்லை. எத்தனையோ ஆயிரம் மைல் விமானத்தில் அழாமல் வந்தவள் அங்கேதான் அழுதாள், பிடித்துக்கொள்ள ஆள் இருந்ததால் அழுதாள். வெளியே ஆண்கள் வேறு மாதிரி. அண்ணனும் மாமாக்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் இரண்டு கையையும் சேர்த்து மல்லாத்தி நீட்டுவார், அவர்கள் தங்கள் கையை அதன்மேல் ஒரு நொடி வைத்து எடுப்பார்கள், அடுத்த ஆள், அடுத்த ஆள். பேச்சில்லை. இதென்ன துக்கம், டிக்கெட் கொடுத்து வாங்குகிற மாதிரி என்று செண்பகவல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே இளக்காரம். போகும்போது யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. துட்டி வீட்டில் போய்ட்டு வாரேன் என்றால் இன்னொரு தடவை இதற்கே வருவது போலாகிவிடும், எழுந்தோமா நடந்தோமா என்றிருக்கவேண்டும். அந்தப் பதினாறு நாளின் சூடு உடம்பில் இருக்கும்போதே விமானம் ஏறி இங்கே வந்து, இந்த நடையில், இந்தக் கதவைத் திறந்தாள். கிளம்புகிற அன்று பெட்டியோடு லிப்ட் முன்னால் நின்றபோது ரித்வாவிடம், "அம்மா இறந்துவிட்டாள், இந்தியா போகிறேன்" என்று சொல்லியிருந்தாள். ரித்வா என்ன செய்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள். இவளைக் கண்டு விலகி நகர்ந்தாள். லிப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, பெட்டி உள்ளே போகிறவரை பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை, ஒரு தோள் தொடுகை இல்லாமல் நின்றாள். திரும்பி வந்த பிறகாவது கேட்டாளா. மோய். அதோடு சரி. மூன்று வருஷமாக செண்பகவல்லியின் நெஞ்சில் அந்த ஓரடி கிடக்கிறது. அந்தக் கோபம்தான் மணிக்குப் போன விரலைத் திருப்பியதோ என்னவோ. அவள் எனக்குக் கேட்டாளா, நான் கேட்க. சீ, என்ன மனசு இது. சாவு வீட்டில் போய்க் கணக்குப் பார்க்கிற மனசு.

மேலே படியில் அரவம் கேட்டது. லென்ஸில் ஒரு கம்பளிக் குல்லாய் இறங்கியது, மேல் மாடியில் தனியாக இருக்கிற பெண், பூனை மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தாள். சரிதான், இவளாவது மணியடிப்பாள், அந்தச் சாக்கில் நாமும் கதவைத் திறக்கலாம் என்று செண்பகவல்லி தாழ்ப்பாளில் கை வைத்தாள். அந்தப் பெண் மணியடிக்கவில்லை. கையிலிருந்த ஒரு வெள்ளைக் காகிதப் பையை, வாயை இரண்டு மடிப்பு மடித்து நூல் கட்டிய பையை, ரித்வாவின் கதவுப் பிடியில் மாட்டினாள். ஆடாமல் இருக்கிறதா என்று விரலால் நிறுத்தினாள். கதவுக்கு முன்னால் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்தது போலவே சத்தமில்லாமல் ஏறிப் போய்விட்டாள். என்ன ஜென்மங்கள் இதுகள், வந்தவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன, குறைந்தா போய்விடும், பாலுக்குப் பை மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டு, என்று பொங்கிக்கொண்டு வந்த நினைப்பு பாதியில் நின்றது. பை. வாய் மடித்து நூல் கட்டிய வெள்ளைப் பை. அது செண்பகவல்லியின் கதவிலும் ஒரு நாள் தொங்கியது. இந்தியாவிலிருந்து வந்த மறுநாள் காலை, இதே மாதிரி, இதே பிடியில். யாரோ மறந்துவிட்டார்கள், நடையில் பொருள் இருந்தால் மறுபடி நோட்டீஸ் வரும் என்று பதறிக் கழற்றினாள். கழற்றும்போது லேசாகப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே துணியில் சுற்றிய பன் ரொட்டி, இன்னும் சூடு போகாதது, குப்பென்று ஏலக்காய் வாசனை அடித்தது. அம்மா கைப் பாயசம் ஞாபகம் வந்து அங்கேயே கண் கலங்கியது. யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு கீழே கொண்டுபோய் ஜன்னல் திட்டில், ஒற்றைக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று முழுக்க அது அங்கே இருந்தது. மறுநாளும் இருந்தது. அம்மா செத்ததை இந்தக் கட்டடத்தில் அவள் சொன்னது ரித்வா ஒருத்தியிடம்தான். ரித்வா அந்தப் படியில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பாள். தன் கையால் பிசைந்து சுட்டு, தன் துணியில் சுற்றிக் கொடுத்த துட்டியை எதிர் வீட்டுக்காரி தூக்கி எறிந்துவிட்டாள் என்று பார்த்திருப்பாள். மூன்றாம் நாள் பை அங்கே இல்லை, எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எடுத்துக்கொண்டு போய் இரண்டு பேருமாகத் தின்றார்களோ, கொட்டினார்களோ. அதற்கப்புறமும் மூன்று வருஷம், ஒரு நாள் தவறாமல் மோய் சொன்னாள். குழாயடித் தண்ணீருக்கே எட்டு வருஷம் பேசாமல் இருந்த தெருவில் பிறந்த செண்பகவல்லி, கோட்டுக்குள் குளிர்ந்துபோய்க் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

எதிரே சங்கிலி எடுக்கிற சத்தம். எதிர்க் கதவு திறந்தால் நாம் உள்ளே நிற்கவேண்டும், அதுதான் மரியாதை, நாலு வருஷம் பழகிய உடம்பு அப்படியே நின்றது. பிறகு செண்பகவல்லி தன் கதவைத் திறந்துவிட்டாள். ரித்வா சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில், வீட்டுச் செருப்பில், கதவுப் பிடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு நின்றாள். தலை சீவவில்லை. போனில் எழுதி எழுதிப் பழகிவைத்த துக்க வார்த்தை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கால் துடித்தது, சொர்ணத்தம்மாள் அப்படித்தான் வந்தாள். ஆனால் இது ரித்வா. பிடித்தால் உடைந்துவிடுகிற மாதிரி நின்றிருந்தாள். செண்பகவல்லி இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள், பிறகு தான் செய்வாள் என்று ஒருநாளும் நினைத்திராததைச் செய்தாள். கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, அண்ணனிடமும் மாமாக்களிடமும் ஆண்கள் வந்து நீட்டுவார்களே, அது போல இரண்டு கையையும் சேர்த்து, மல்லாத்தி, நீட்டினாள். நடுவில் ஒரு கை தூரம் மிச்சமிருந்தது. அந்தத் தூரத்தை விட்டுவிட்டே தொடுவதற்கு நம்மிடமும் ஒன்று இருந்திருக்கிறது. ரித்வா அந்தக் கைகளைப் பார்த்தாள். யோசித்தாள். எந்தக் கேள்விக்கும் முழுப் பதில் சொல்கிறவள், இந்தக் கேள்விக்கும் பதில் தேடுகிறாள் என்று தெரிந்தது. பிறகு நூலை அவிழ்த்து, பைக்குள் கையை விட்டு, ஒரு பன்னை எடுத்து அந்த உள்ளங்கைகளில் வைத்தாள். கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. ரொட்டி சூடாக இருந்தது, அதன் விளிம்பைத் தாண்டி இவள் மணிக்கட்டில் பட்ட அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"அன்றைக்கு," என்றாள் செண்பகவல்லி, தெரிந்த பின்னிஷெல்லாம் உதிர்ந்துபோய். "என் அம்மா. என் கதவில் பை. எனக்குத் தெரியாது. யாரோ மறந்தது என்று நினைத்தேன். கீழே வைத்தேன். உங்களுடையது என்று தெரியாது." ரித்வா அந்த ரொட்டியைப் பார்த்தாள். "ஏலக்காய் அதிகமாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்" என்றாள் கடைசியில். "பென்டிதான் சொன்னார், அவர்கள் நாட்டில் நிறையப் போடுவார்கள், இன்னும் போடு என்று. அதற்காக அவரிடம் கோபித்துக்கொண்டேன்." சொல்லிவிட்டு அவள் முகம் கோணியது. சத்தம் வரவில்லை. இரண்டாவது கையும் வந்து ரொட்டியைச் சுற்றி இவள் கைமேல் அமர்ந்தது. துட்டி வீட்டு வாசலில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று வளர்ந்தவள் செண்பகவல்லி. குனிந்து, நாலு கைகளுக்கும் நடுவிலிருந்த அந்த ரொட்டியை ஒரு வாய் கடித்தாள். ஏலக்காய் குறைச்சல்தான். "இன்னும் போடலாம்" என்றாள் வாய் நிறைய, மூக்கு ஒழுக. ரித்வா தலையை ஆட்டினாள், கவனமாகக் கேட்டுக்கொண்ட மாதிரி. எவ்வளவு நேரமோ, லிப்ட் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தது, யாரோ லென்ஸில் பார்த்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள். பிறகு கைகள் பிரிந்தன. செண்பகவல்லி மிச்ச ரொட்டியோடு படியிறங்கினாள், ஜன்னல் திட்டைத் தாண்டி. போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை, மேலேயிருந்து மோயும் வரவில்லை. அந்த ஒன்றை மட்டும் ரித்வாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.